அனுசுயாவின் எண்பது

முன்முகம் நிலையம் வந்த மறுவருஷமே திருநெல்வேலியில் பெண் பார்க்கப் போகிறவர்கள் நகைப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, "பொண்ணோட எண்பது எப்பிடி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த நிலையம். உங்கள் ரத்தம், தூக்கம், பிறந்ததிலிருந்து சேர்ந்த மருத்துவப் பதிவுகள், கைபேசியில் பேசிய பேச்சு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள். சில வாரம் கழித்துக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எண்பது வயதான நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். மூச்சு வாங்குவதும் தெரியும், முழங்காலைத் தடவிக்கொள்வதும் தெரியும். பேசினால் பதில் வரும். எதை நினைத்து வருந்துகிறாய் என்று கேட்டுக்கொண்டு வந்து, இப்போதே வாழ்க்கையைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்த ஆளுக்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் எண்பது. 'அவர் எண்பது அழுதுதாம்' என்றால் ஒரு தெருவே பேசியது. எண்பது சிரித்தவர்கள் இனிப்பு கொடுத்தார்கள்.

சண்முகவடிவு அங்கே போனதற்குக் காரணம் வருத்தம் அல்ல, நம்பிக்கை. ஐம்பத்தியோரு வயது. குடிநீர் வாரியத்தில் செயற்பொறியாளர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு கடமையையும் தட்டியதில்லை. படுக்கையில் விழுந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்தாள். இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்து வெளியூர் அனுப்பினாள். தன் எண்பது நிமிர்ந்து உட்கார்ந்து, 'நல்லா வாழ்ந்தட்டி' என்று சொல்லும் என்று எதிர்பார்த்தாள். அதை வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். முக்கியமாக, மாடியில் இருக்கிறவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.

மாடியில் இருக்கிறவள் அனுசுயா. வடிவின் கொழுந்தன் குமரேசனின் மனைவி. பாளையங்கோட்டையில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான வீடு அது. கீழே வடிவும் அவள் கணவர் நயினாரும், மேலே அனுசுயாவும் குமரேசனும், அவர்கள் மகள் தாரிணியும்.

ஓரகத்திகளுக்குள் இருக்கிற பொறாமை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வடிவுக்கு அனுசுயாவின் பணத்தின் மேலோ நிறத்தின் மேலோ ஒரு கண்ணும் கிடையாது. அவளுடைய லேசான தன்மைதான் வடிவை எரித்தது. மாமியார் கிடந்தபோது அனுசுயாவும் முறை வைத்துப் பார்த்தாள்தான். ஆனால் பாட்டுப் பாடிக்கொண்டே பீத்துணி அலசினாள். மாமியார் கடைசியில் தேடியது அவளைத்தான். நாற்பத்தி மூன்று வயதில் ஒரு நாள் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து, "நாளைலேருந்து நாதஸ்வரம் படிக்கப் போறேங்க்கா" என்றாள். மொட்டைமாடியில் அவள் சாதகம் பண்ணினால் தெருநாய்கள் கூடவே ஊளையிட்டன. அதற்கும் அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் தூத்துக்குடிக்குப் போய் முக்குளிக்கக் கற்றுக்கொண்டு, செத்துப்போன பவளப்பாறைகளில் உயிருள்ள துண்டுகளைக் கட்டி வளர்க்கிற கூட்டத்தில் சேர்ந்தாள். சனிக்கிழமை ஆனால் கடல். திரும்பி வரும்போது முகம் கறுத்து, தலைமுடி உப்பு பூத்து, உலகத்தில் யாருக்கும் கிடைக்காதது தனக்குக் கிடைத்துவிட்ட மாதிரி வருவாள்.

"பொறுப்பில்லாத சென்மம்" என்பாள் வடிவு, நயினாரிடம்.

"அவ சந்தோசமா இருக்கா. ஒனக்கு என்ன வந்துச்சி?" என்பார் அவர்.

அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை.

நிலையத்தில் பியூலா என்ற ஆலோசகப் பெண் வடிவை உட்காரவைத்து விளக்கினாள். "இது ஜோசியமில்ல மேடம். இப்ப எப்பிடி இருக்கியளோ அப்பிடியே போனா, எங்க போய் நிப்பியங்கது மட்டுந்தான். திரும்பணும்னா இன்னைக்கே திரும்பிக்கிடலாம். ஒடம்புக்கு என்ன வரும்னு நாங்க வாயத் தொறந்து சொல்லப்படாது, சட்டம் அப்பிடி. மனசுல என்ன மிஞ்சும்னு பாக்கதுதான் எங்க வேல."

கண்ணாடி வெளிச்சமானது. எண்பது வயது வடிவு பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். உடம்பு திடமாகத்தான் இருந்தது. வெள்ளைப் புடவை, இறுக்கிய கொண்டை. முகத்தைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே யாரோ நடக்கிற சத்தத்தைக் கேட்பவள் போல.

"நல்லா இருக்கியளா?" என்று கேட்டாள் வடிவு. தன்னையே மரியாதையாகக் கூப்பிடுவது கூச்சமாக இருந்தது.

கிழவி திரும்பவில்லை.

"பிள்ளைய வந்து பாக்காங்களா? எதையாவது நெனச்சு வருத்தப்படுதியளா?"

கிழவியின் தாடை அசைந்தது. "எல்லாம் அவளுக்குல்லா வாய்ச்சுது" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அவளிடமிருந்து வேறு எதுவும் பெயரவில்லை. நேரம் முடிந்து கண்ணாடி இருண்டபோதும் அவள் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கா" என்று முடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அனுசுயா போனாள். தனியாக அல்ல, குடும்பத்தோடு. வீட்டாரை உள்ளே விடச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தாள். வடிவின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "நீங்க இல்லாமலாக்கா?"

அனுசுயாவின் எண்பது குட்டையாக வெட்டிய வெள்ளை முடியோடு, வெயிலில் உட்கார்ந்திருப்பவள் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சொகமா?" என்று கேட்டாள் அனுசுயா.

"ரொம்ப சொகம். காத்து நல்லா வருது பாத்தியளா?"

"மனசுல ஏதும் வருத்தம் உண்டுமா?"

கிழவி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். பிறகு குழந்தை மாதிரி இரண்டு கையையும் விரித்தாள். "ஒண்ணுமே இல்லியே!" என்று சொல்லிச் சிரித்தாள். தாரிணி கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுதுகொண்டே சிரித்தாள். குமரேசன் மூக்கைச் சிந்தினான். பியூலா வடிவின் காதோரம் சொன்னாள்: "இவ்வளவு சுத்தமா வருத்தமே இல்லாத ஆள நாங்க இதுவரைக்கும் பாத்ததில்ல மேடம்."

வடிவு வாழ்த்துச் சொன்னாள். சொல்லும்போது அடிநாக்கில் கசந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம். அவளுக்கு வருகிற எண்பது எனக்கு ஏன் வரக் கூடாது? அவள் செய்ததை நானும் செய்தால் ஆயிற்று. ஒரு குழாய் உடைந்தால் எங்கே அடைக்க வேண்டும் என்று தெரிந்தவள், தன் வாழ்க்கையையும் அப்படியே அணுகினாள். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். நயினார் பதறினார்.

"ஏ, மலையடிவாரத்துக் கூட்டுக் குடிநீர் வேல பாதியில கெடக்கே? நீ இல்லன்னா அத எவன் முடிப்பான்?"

"எவனாவது முடிப்பான். எல்லாத்துக்கும் நான்தானா?"

அந்தத் திட்டத்தை அவள் எட்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்தவள். கடைசி நாள் அலுவலகத்தில் மாலை போட்டபோது, அந்த மலையடிவாரத்து ஊர்ப் பெண்கள் வந்து, "தண்ணி வருமாம்மா?" என்று கேட்டார்கள். வரும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

பிறகு நீச்சல் வகுப்பு. ஆழமில்லாத பக்கத்திலேயே தண்ணீரைக் குடித்துத் திணறினாள். அனுசுயா முதல் நாளே மீன் மாதிரி போனாளாம் என்று குமரேசன் சொன்னது மூளைக்குள் ஓடியது. வீணை வாங்கினாள், சலிப்பாக இருந்தது. தனியாகக் காஷ்மீர் போனாள். பனி பெய்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் அனுசுயா கடலுக்கடியில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிட இது ஒன்றும் அழகில்லை என்று தோன்றியது.

ஊர் திரும்பித் தன் எண்பதைப் போய்ப் பார்த்தாள். கிழவி இன்னும் கூனியிருந்தாள். இந்தத் தடவை அந்த ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

பியூலா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேடம், நீங்க மாத்தினதெல்லாம் உங்களுக்குப் பிடிச்சா மாத்தினிய?"

வடிவுக்குக் கோபம் வந்தது. வெளியே வந்தவள் படி இறங்காமல் நின்றாள். அனுசுயா வீட்டாருக்குக் கொடுத்த அனுமதி இன்னும் இருந்தது. வரவேற்பில் கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்தவள் மனதுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறோம் என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நுழைந்தாள்.

கண்ணாடி வெளிச்சமானது. அனுசுயாவின் எண்பது அதே மலர்ச்சியோடு, "வாங்க, வாங்க" என்றாள்.

வடிவு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அனு, ஒரே ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லு. நீ என்ன செஞ்ச? எப்பிடி ஒனக்கு ஒரு வருத்தமும் இல்ல?"

கிழவி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க நல்லாப் பேசுதிய" என்றாள். "நீங்க யாரு?"

"நான்தாம்ட்டி. வடிவு."

"வடிவு" என்று சொல்லிப் பார்த்தாள் கிழவி, ருசி பார்க்கிற மாதிரி. "நல்ல பேரு."

வடிவு நாற்காலியைக் கண்ணாடிக்கு இன்னும் நெருக்கினாள். "குமரேசன் எங்க?"

"அது யாரு?"

"தாரிணி? ஒம் மக தாரிணி?"

"எனக்கு மக இருக்காளா!" என்று கிழவி சந்தோஷமாகக் கேட்டாள்.

"கடலு? நீ கடலுக்குப் போவியே? நாதஸ்வரம் ஊதுவியே?"

கிழவி இரண்டு கையையும் விரித்துச் சிரித்தாள். அதே சிரிப்பு. அன்றைக்கு எல்லோரும் பார்த்து உருகிய சிரிப்பு. வருந்துவதற்கு அவளிடம் எதுவுமே இல்லை. எல்லாம் போய்விட்டிருந்தது.

வடிவு எழுந்து வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தவளுக்கு, தன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகி லேசாகிக்கொண்டு வருவது தெரிந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு வந்த லேசு. அது என்ன என்று புரிந்தபோது அப்படியே நடைமேடைத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண், "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டாள். வடிவு தலையை மட்டும் ஆட்டினாள். தன் மேல் அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு இதற்கு முன் வந்ததில்லை.

மறுநாள் காலை மாடி ஏறினாள். அனுசுயா கடல் உடுப்பைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஒன் எண்பதப் போய்ப் பாத்தேன்" என்றாள் வடிவு. "ஒன்கிட்ட கேக்காம."

அனுசுயாவின் கை கொடியில் நின்றது. "பேரு கேட்டியளா?"

"கேட்டேன்."

"ம்."

"ஒனக்குத் தெரியுமா?"

"எங்கம்மாவுக்கு இந்த மறதி நோவு வந்துதுல்லா. எனக்கும் இருக்கான்னு சென்னைல போய்ப் பாத்தேன். இருக்குன்னாங்க. அந்த வாரந்தான் பேங்க விட்டேன்." க்ளிப்பை எடுத்துக் குத்தினாள். "தாரிணி அப்பாவுக்குத் தெரியும். தாரிணிக்கு இன்னும் சொல்லல. என்னைக்காவது சொல்லித்தான ஆகணும். அன்னைக்கு அவ பயந்துரக் கூடாது. எல்லாம் மறந்தாலும் அம்மா சிரிச்சிக்கிட்டுதான் இருப்பான்னு அவ கண்ணால பாத்துக்கிடட்டும்னுதான் கூட்டிட்டுப் போனேன். அதாங்க்கா பேரு கீரு எதுவும் கேக்காம, சொகமா, வருத்தமான்னு கேட்டு நிறுத்திக்கிட்டேன்."

அனுசுயா வடிவின் முகத்தையே பார்த்தாள். "ஒங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வடிவு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல வாய் எழவில்லை. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வெடித்துவிட்டாள்.

"ஒன்னயப் பாத்துப் பாத்துதாம்ட்டி நான் கெட்டேன்! நீ இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஆரம்பிச்சது. கார விட்டு எறங்கவும் ஒன் செருப்பு அறுந்துது. வேற யாரா இருந்தாலும் கல்யாணப் பொண்ணு அழுதுருப்பா. நீ ரெண்டையும் கழத்திக் கையில வச்சிக்கிட்டு, மாம்பழக் கலர் பட்டத் தூக்கிச் சொருகிக்கிட்டு, அந்த வெயில்ல வெறுங்கால்ல குதிச்சுக் குதிச்சு வந்த. ஆரத்தித் தட்டோட நிக்கேன் நான். தெருவே ஒன்னத்தான் பாக்கு. நம்ம மாமனாரு சிரிச்சி அன்னைக்குத்தான் நான் பாத்தேன். எனக்கு ஒரு நாளாவது அப்பிடி…"

"செருப்பு இல்லாமலா வந்தேன்?"

"பின்ன?"

அனுசுயாவின் முகத்தில் குழப்பம். நெற்றியைச் சுருக்கி, எதையோ தேடினாள். "எனக்கு அது இல்லியேக்கா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "பட்டு ஞாபகம் இருக்கு. செருப்பு இல்ல. அந்த நடையும் இல்ல."

கீழே தெருவில் காய்கறி வண்டி கூவிக்கொண்டு போனது. அனுசுயா வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"வேற என்னக்கா ஞாபகம் இருக்கு, என்னப் பத்தி?"

"எல்லாந்தான்" என்றாள் வடிவு எரிச்சலோடு. "விடுவனா நான்?"

"அவியளுக்கு ஒண்ணும் ஞாபகம் கெடையாது. நேத்து என்ன கொழம்புன்னு கேட்டாலே முழிப்பாவ. தாரிணிக்குப் பாதி தெரியாது." அனுசுயா அண்ணாந்து பார்த்தாள். "என்னய இவ்வளவு உத்துப் பாத்த ஆளு நீங்க ஒருத்திதான். எனக்கு இப்ப ஒங்க மேல பொறாமையா இருக்குக்கா. என் வாழ்க்க பூரா ஒங்ககிட்டல்லா இருக்கு."

இப்படி ஒரு வார்த்தையை வடிவு தன் வாழ்நாளில் கேட்டதில்லை. அதுவும் அவள் வாயிலிருந்து. கொடியில் கோணலாகக் கிடந்த உடுப்பை இழுத்து நேராக்கினாள்.

அதற்குப் பிறகு வடிவு மாறிவிட்டாள் என்று சொன்னால் பொய். அனுசுயா கடலுக்குப் போகும்போது படகில் கூடப் போனாள். அவள் தண்ணீருக்குள் மறைகிற ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. ஆனால் இப்போது அந்த எரிச்சலோடு கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தாள். அலுவலகத்தில் அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பாதியில் கிடந்த கூட்டுக் குடிநீர் வேலைக்கு ஊர்க்காரர்கள் கூப்பிட்டபோது, சம்பளமில்லாமல் போய் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தாள். மூன்று வருஷம் இழுத்தது. தண்ணீர் வந்த அன்று அனுசுயா அந்த ஊருக்கு வந்து, குழாயடியில் நின்று நாதஸ்வரம் ஊதினாள். ஓரளவுக்குத் தேறியிருந்தாள். ஊரே அவளைச் சுற்றி நின்றது. தண்ணீர் கொண்டுவந்தவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் வடிவு நினைவில் வைத்துக்கொண்டாள்.

முன்முகத்துக்கு அவள் மறுபடி போகவே இல்லை.

அனுசுயாவுக்கு அறுபது தாண்டியதும் மறதி வெளியே தெரிய ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு வழி, பிறகு பேர்கள். தாரிணியிடம் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அவள் அழுதாள், ஆனால் உடைந்துபோகவில்லை. அப்புறம் குமரேசனும் போய், நயினாரும் போய், அந்த வீட்டில் வயதான பெண்கள் இரண்டு பேரும், ஞாயிறு வந்து போகிற தாரிணியும்தான் மிச்சம்.

தினமும் மத்தியானச் சாப்பாடு ஆனதும் வடிவு மாடி ஏறுவாள். முழங்கால் வலிக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அனுசுயா, "வாங்க, வாங்க, நீங்க யாரு?" என்பாள்.

"கீழ் வீடு."

"உக்காருங்க."

வடிவு உட்கார்ந்து ஒரு பெண்ணின் கதையைச் சொல்லுவாள். இருக்கிற உத்தியோகத்தை விட்டுவிட்டு, தெருநாய்களோடு போட்டி போட்டு நாதஸ்வரம் படித்தவள். மாமியார் துணியை அலசும்போது பாட்டுப் பாடினவள். நரைத்த தலையோடு கடலுக்குள் இறங்கி, செத்த பாறைக்கு உயிர் கட்டினவள். ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல் சொல்லுவாள். அனுசுயா வாய் பிளந்து கேட்பாள். நாய்கள் வரும் இடத்தில் சிரிப்பாள்.

ஒரு நாள் சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. அனுசுயா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன?" என்றாள் வடிவு.

"அந்தப் பொம்பளைய நெனச்சா வயிறு எரியுது எனக்கு. குடுத்து வச்சவ. நானும் அப்பிடி இருந்துருக்கலாம்லா? இப்பிடி ஒரு சன்னல்ல உக்காந்தே எல்லாம் முடிஞ்சிட்டே."

ஒரு வருத்தமும் இல்லாதவளாக இருக்க வேண்டியவள் இவள். தன் வாயால், தானே அந்த வருத்தத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டோமே என்று வடிவு பதறினாள். எழுந்து போய், அவள் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எனக்கும் எரிஞ்சுது. இப்பமும் எரியத்தான் செய்யுது" என்றாள். "அது யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"நீதாம்ட்டி."

அனுசுயா அவளை உற்றுப் பார்த்தாள். ஏமாற்றுகிறாளா என்று கண்ணுக்குள் தேடினாள். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், புறங்கையை, உள்ளங்கையை.

"நெசமாவா?"

"பூரா கூட இருந்து பாத்தவ சொல்லுதேன்."

கிழவியின் முகத்தில் வெளிச்சம் மெல்லப் பரவி, கண் நிறைந்து, பல் தெரிந்தது. வாழ்நாள் முழுவதையும் ஒரே நொடியில், புதுசாக, பரிசாக வாங்கிக்கொண்ட முகம். நாளைக்கு இதை மறந்துவிடுவாள். நாளைக்கும் இதே மாதிரி வாங்கிக்கொள்வாள். இப்படி ஒரு கொடுப்பினை உலகத்தில் யாருக்கு இருக்கிறது என்று நினைத்த வடிவுக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது.

அனுசுயா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"அப்பம் மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாள்.